ஒரு பகா எண்ணோடு குடித்தனம்

என் வீட்டுக்காரரின் அடையாள அட்டை நம்பர் வகுபடுமா வகுபடாதா என்று பார்த்துவிட்டுத்தான் அவருடைய நெஞ்சில் கத்தி வைக்க விடுவது என்று நின்ற குடும்பம் எங்களுடையது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஆறு வாரமும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆரம்பித்தது ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். கொஞ்ச நாளாகவே அவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். படம் எடுத்திருந்தார்கள், அன்றைக்கு முடிவு சொல்வதாக வரச் சொல்லியிருந்தார்கள். சிம்பாங் பூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து காலை ஆறரைக்கே கிளம்பிப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தும் நாலு மணி நேரம் கூப்பிடவில்லை. நான் தையல்காரி. எங்கே போனாலும் கையில் ஒரு ரவிக்கை இருக்கும், கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்தது ஆஸ்பத்திரி சீட்டு மட்டும்தான்.

அந்தச் சீட்டில் பெயருக்குக் கீழே அந்த அடையாள அட்டை நம்பர், நாங்கள் ஐசி நம்பர் என்போம், இருந்தது. மலேசியாவில் எல்லோருக்கும் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், மிச்சம் நாலு அவரவருக்கு விதித்தது. அவர் நம்பரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே எவனாவது போன் பண்ணிப் பரிசு விழுந்திருக்கிறது என்பான்.

அவர் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். முதலாளிகள் தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டிய பிறகு ஒரு பேரங்காடியின் ஸ்டோரில் பெட்டி எண்ணினார். அறுபதில் ஓய்வு. கால்குலேட்டரைத் தொடமாட்டார். எதைக் கொடுத்தாலும் கையால் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட ஆளிடம் பன்னிரண்டு இலக்கத்தைக் கொடுத்து நாலு மணி நேரம் சும்மா உட்கார வைத்தால் என்ன செய்வார்? சீட்டைத் திருப்பிப் போட்டு, என் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தன்னைத்தானே வகுக்க ஆரம்பித்தார்.

இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்திரண்டு வந்தது. அதனால் மூன்றால் வகுபடாது. ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று போய்க்கொண்டே இருந்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. நர்ஸ் மிஸ்ஸி வந்து எங்களைக் கூப்பிட்டபோது தொண்ணூற்றேழைத் தாண்டியிருந்தார். முகத்தில் அப்படியொரு களை. முடிவு நல்லதாகத்தான் இருக்கும் என்று அந்த முகத்தைப் பார்த்து நானும் ஏமாந்துபோனேன்.

முடிவு நல்லதாக இல்லை. மூன்று குழாயில் அடைப்பு. ஆறு வாரத்துக்குள் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும், அதற்கு மேல் தள்ளுவது ஆபத்து என்றார் டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, நாற்பது வயது இருக்கும், நிதானமான ஆள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு சம்மதப் பாரத்தை நகர்த்தினார். இவர் பாரத்தின் மேல் தன் சீட்டை வைத்தார்.

“டாக்டர், தொண்ணூத்தேழு வரைக்கும் பாத்துட்டேன். எதுலயும் வகுபடல. வகுபடாத ஆள எப்படி வெட்டுவீங்க?”

டாக்டர் சத்தம் போடப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சீட்டைக் கையில் எடுத்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டார், கணக்கை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு, கடவுளே, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, வர்க்கமூலம் வரைக்கும் பார்த்தால் போதும். அதுக்கு மேல தேவையில்லை.”

ஓர் எண் இரண்டாகப் பிரியுமென்றால் அதில் ஒரு துண்டு வர்க்கமூலத்தைத் தாண்டாது, அதனால் அதுவரை வகுத்துப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் அது பகா எண்தான் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். போனை எடுத்துத் தட்டி, ஏழு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம் வரை போனால் போதும், அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்றார். என் வீட்டுக்காரருக்குப் போனஸ் கிடைத்த முகம். அவர் நினைத்துக்கொண்டிருந்தது அறுபதாயிரம் கோடிக்கும் மேலே போக வேண்டும் என்று. முடியாத வேலையை முடிகிற வேலையாக்கிக் கொடுத்துவிட்டார் அந்த மகராசன். நான் முறைத்த முறையில் டாக்டர் இருமிக்கொண்டு மறுபடி நெஞ்சுக்குத் திரும்பினார். அதற்குள் பாரம் நாலாக மடிந்து இவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

காரில் வரும்போது ஒப்பந்தத்தைச் சொன்னார். வகுபட்டால் ஆபரேஷன். வகுபடவில்லை என்றால் கிடையாது. கணக்கு முடிகிற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், அதற்குப் பதிலாக ஏழு லட்சத்து எண்பதாயிரம் எண்களைக் குறுக்கே நிறுத்துகிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்தில் சிம்பாங் பூலாய்ச் சந்திப்பு விளக்கில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன். வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதால் முடியவில்லை.

மறுநாள் காலையில் ஆறு நோட்டு வாங்கி வந்தார். எதெதனால் வகுக்க வேண்டும் என்ற பட்டியலுக்கே தனியாக ஒரு நோட்டு. கணக்கு நோட்டில் இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். நான் எதற்கு என்று கேட்டேன். தோட்டத்து முறை அதுதான் என்றார். ரப்பர் பாலைக் கொட்டகையில் ஒருவர் நிறுப்பார், ஃபேக்டரியில் இன்னொருவர் நிறுப்பார். இரண்டும் ஒத்து வராவிட்டால் இரண்டாவது ஆள் எழுதியதுதான் நிற்கும். முதல் ஆள் மூச்சுவிடக்கூடாது. இந்த முறையில்தான் அந்தத் தோட்டம் ஒரு குறையும் இல்லாமல் நடந்ததாம். தோட்டத்தையே விற்றுவிட்டார்கள் என்று நான் ஞாபகப்படுத்தினேன், அது கணக்கால் வந்தது இல்லை என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கேயாவது ஓர் எண் மிச்சமில்லாமல் வகுத்துவிட்டால் மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வருவார் இல்லையா? அந்த ஓர் ஆசையில் பேனாவை எடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் நெடுவகுத்தல். பிள்ளையாரே, மிச்சமில்லாமல் வரணும் என்று ஒவ்வொரு கணக்குக்கும் வேண்டிக்கொண்டு போட்டேன். கடன் தீரணும் என்றுகூட நான் அப்படி வேண்டியதில்லை. காலையில் பத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கையெழுத்து. என் தையல் மேசையில் வெட்டிப் போட்ட துணியெல்லாம் அப்படியே கிடந்தது. தீபாவளிக்கு ரவிக்கை கொடுத்தவர்கள் போன் பண்ணித் திட்டினார்கள்.

என் நம்பரை எடுத்துப் பார்த்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. ஐசியில் கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. “ஒன்னோடது ரெண்டுலயே போயிடும், பாக்கவே வேணாம்” என்றார், ஏதோ அனுதாபப்படுகிற மாதிரி. இந்த நாட்டில் ஒரு பெண் லாரி ஓட்டலாம், வக்கீலாகலாம், விமானம் பறக்கவிடலாம், பகா எண்ணாக மட்டும் முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரட்டைப்படையில் பகா எண் இரண்டு ஒன்றுதான், அதை ஐசியாக வாங்க வேண்டுமென்றால் பதினொரு பூஜ்யத்துக்குப் பிறகு இரண்டு வர வேண்டும், அப்படிப் பூஜ்யமாம் மாதம் பூஜ்யமாம் தேதி பிறக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு இது தேவையா? அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

கோப்பிக் கடையில் அவர் போய்ச் சொல்லி வைத்ததில் நிலைமை இன்னும் மோசமானது. அவருடைய சிநேகிதர்கள் நாலு பேரும் ஐசியை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். ஒருவருக்கு அஞ்சில் முடிகிறது, அப்போதே அவுட். இன்னொருவருக்குக் கூட்டினால் மூன்றின் மடங்கு. அவர் முகம் தொங்கிப்போய் கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாராம். இதில் அஞ்சில் முடிகிறவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் நடந்திருக்கிறது. “பாத்தியா மச்சான், ஒன்னோடது வகுபடுது லா, அதான் ஒனக்கு ஆபரேஷன் பண்ணாங்க” என்று இவர் அவரிடம் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். அந்த மனுஷர் பைபாஸ் பண்ணித்தான் உயிரோடு உட்கார்ந்து கோப்பி குடிக்கிறார் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் மாமியார் இருந்தபோது சொல்லியிருக்கிறார், இவர் பிறந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தோட்டத்து ஆபீஸ் மூடியிருந்ததால் திங்கட்கிழமை போய்த்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அன்றைய தேதியையே பிறந்த தேதியாக எழுதிக்கொண்டார்கள். தோட்டத்தில் பிறந்த பாதிப் பேருக்கு இதே கதைதான். ஒரு நாள் முன்னால் போட்டால் கூட்டுத்தொகை ஐம்பத்தொன்று. மூன்றால் அழகாக வகுபடுகிறது. நோட்டை அவர் முன்னால் வைத்து, இதுதான் உங்கள் உண்மையான நம்பர், கிளம்புங்கள் ஆஸ்பத்திரிக்கு என்றேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அவரும் கிராணியாக இருந்தவர், எத்தனையோ பிள்ளைகளுக்குத் தேதி எழுதியவர். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அதுதான் தேதி. “ஞாயித்துக்கெழம ஆபீஸ் மூடியிருந்துச்சுன்னா, ஞாயித்துக்கெழம நான் பொறக்கலன்னு அர்த்தம்.” பெற்ற தாய் பிரசவ வலியில் கிடந்த நாளை இந்த மனுஷன் ஆபீஸ் நேரத்தை வைத்து ரத்து செய்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனேன்.

அதற்குப் பிறகுதான் மகளுக்குப் போன் போட்டேன். கோலாலம்பூரில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துச் சொல், எதால் வகுபடும் என்று தெரிந்தால் நேரே அந்த இடத்துக்குத் தாண்டிப் போய்விடலாம் என்றேன். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் பெருக்கிச் சரிபார்ப்பது ஒரு நிமிஷ வேலை, அதை அவர் கையாலேயே செய்துகொள்வார். அவள் லைனில் இருக்கும்போதே தட்டினாள்.

“அம்மா, அப்பா நம்பர் பகா எண்தான்மா. ஒன்னுலயும் வகுபடாது.”

இன்னொரு தடவை போட்டுப் பார் என்றேன். எத்தனை தடவை போட்டாலும் அதுதான் வரும் என்றாள். அவர் கையால் போட்டு முடிக்க வேண்டுமென்றால் எத்தனை வகுத்தல் என்று கேட்டேன், அறுபத்து மூவாயிரம் சொச்சம் என்றாள். நாளைக்கு இருபது என்றால் எட்டரை வருஷம். டாக்டர் கொடுத்த ஆறு வாரத்தில் நாலு வாரம் முடிந்திருந்தது. மெஷின் சொல்வதை எந்தக் காலத்திலும் நம்பாத மனுஷன், இந்த ஒன்றை மட்டும் சந்தோஷமாக நம்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் மூச்சுவிடாதே என்று மகளிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். எனக்கு இந்த ஆள் வேண்டும். கிறுக்கோ கணக்கோ, இந்த ஆள் வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படிக்கு வந்தவர் பையை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. என்ன செய்கிறது என்றால் ஒன்றுமில்லை என்றார். கால் மணி நேரம் கழித்துச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நோட்டைத் திறந்தார். இலக்கங்கள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதிமூன்று, வகுபடவில்லை. நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினேழு, வகுபடவில்லை, மிச்சம் ஆயிரத்து முந்நூற்றாறு. நோட்டை என் பக்கம் தள்ளினார்.

நானும் போட்டேன். கடைசிக் கழித்தலில் எனக்கும் ஆயிரத்து முந்நூற்றாறுதான் வந்தது. நான் பூஜ்யம் எழுதினேன். இத்தனை வருஷத் தையலில் ஒருத்திக்கும் கால் இஞ்சு தப்பாக அளவு எழுதியவள் இல்லை நான். கையெழுத்துப் போட்டபோது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

அவர் நோட்டை வாங்கி இடது பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இடது பக்கம்.

“சரியா பாத்தியா?”

“பாத்தேன்.”

“ரெண்டு தடவ?”

“ரெண்டு தடவ.”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்து வந்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு, பேனாவைக் கேட்டார். இரண்டாவது ஆள் எழுதியதுதான் நிற்கும். அந்த மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினோம்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் மிஸ்ஸி அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்து ஐசி நம்பரை மலாயில் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். அவரும் கூடவே சொன்னார், மந்திரம் சொல்கிற மாதிரி. தள்ளுவண்டியை நகர்த்தப் போகும்போது என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன்.

“மிச்சம் ஆயிரத்து முந்நூத்தி ஆறு.”

“தெரியும்.”

“தப்புக் கணக்குல கையெழுத்துப் போட்டுட்ட. நான் வந்துதான் திருத்தணும்.”

“வந்து திருத்துங்க” என்றேன். கதவு மூடிக்கொண்டது. ஐந்து மணி நேரம். கையில் ரவிக்கை இருந்தது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

வந்தார். ஒன்பதாம் நாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி நோட்டைக் கேட்டார். சிவப்புப் பேனாவால் என் பூஜ்யத்தை அடித்தார், ஆயிரத்து முந்நூற்றாறு என்று எழுதினார், திருத்தத்துக்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். திட்டவில்லை. அடுத்த வரியில் நாலாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பதை எழுதினார். இன்னும் எதற்கு, அதுதான் ஆபரேஷன் ஆகிவிட்டதே என்றேன். ஆபரேஷன் வேறு, கணக்கு வேறு, பாதியில் விட்ட கணக்கு எங்கள் தோட்டத்தில் கிடையாது என்றார்.

இது நடந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. படி ஏறுகிறார், சந்தைக்கு நடந்து போகிறார், கோப்பிக் கடையில் தன் நெஞ்சுத் தழும்பைக் காட்டிவிட்டு வருகிறார். டாக்டரிடம் மறுபரிசோதனைக்குப் போனால் அவர் முதலில் கேட்பதே “எவ்வளவு தூரம் வந்திட்டீங்கள்?” என்றுதான். எண்பத்தெட்டாயிரத்தைத் தாண்டிவிட்டோம். நோட்டுகள் என் துணி அலமாரியில் ஒரு தட்டை முழுசாகப் பிடித்துக்கொண்டன. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் பின்னால் நின்று என்னைப் பார்ப்பாள், நான் கண்ணைக் காட்டுவேன், அவள் வாயை மூடிக்கொள்வாள்.

நேற்றுக் காலை பத்துக் கணக்கு முடிந்ததும் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார், கடைசியில் இது வகுபடும் என்று நினைக்கிறாயா, படாது என்று நினைக்கிறாயா என்று. எனக்கு எப்படித் தெரியும், போட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். முடிக்க இன்னும் ஏழரை வருஷம் ஆகும் என்றார். நாளைக்கு இருபது வேண்டாம், உங்களுக்குக் கண் கெட்டுப் போகும், பத்துப் போதும் என்றேன்.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். “அப்ப பதினஞ்சு வருசம் ஆகுமே” என்றார்.

“ஆகட்டுமே” என்றேன்.